ஹாலக்கோட்டில் பத்து நாள்

விண்ணப்பப் படிவத்தில் ஒரு பொய்யாவது எழுதாத மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தில் 'புத்தகம் வாசித்தல்' என்று எழுதியவர்கள் எல்லாரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். அந்த வரிசையில் நானும் ஒரு சின்னப் பொய் எழுதினேன். 'வீட்டில் பேசும் மொழி' என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது. 'தூய தமிழ் மட்டும்' என்று நிரப்பிவிட்டேன். (கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும் இடத்தை நிரப்பிவிட வேண்டும் என்பது பரீட்சை எழுதி எழுதி வந்த பழக்கம்.)

எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம்.

பாலக்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். ஊரில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம், பாதிப் பேர் வீட்டில் தமிழ். எங்கள் கன்னடத்தைப் பெங்களூர்க்காரர் கேட்டால் தமிழ் என்பார், தமிழ் வாத்தியார் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார். அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வரும். பஸ்ஸில், சந்தையில், ஆஸ்பத்திரியில் எல்லாம் தமிழ்தான். ஆனால் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும் அவர் நாக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னடத்துக்கு மாறிவிடும்.

சரி, எதற்கு இந்தப் பொய்? வெளிநாடு போகத்தான்.

அப்போது நான் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் 'பார்த்துக்கிட்டு இருக்கேன்' என்று சொல்வேன். எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் டிவி என்று சொல்லியிருப்பேன். அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் ஒரு மொழிப் பயிற்சி மையம் கொடுத்த அறிவிப்பு கண்ணில் பட்டது. போலந்து நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் மாணவர்கள் பேச்சுத் தமிழ் கற்றுக்கொள்ள இங்கே வருகிறார்கள். ஆறு மாதம் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்குவார்கள். அப்படி இடம் கொடுத்த வீட்டிலிருந்து ஒருவர் அடுத்த வருடம் போலந்துக்குப் போய் ஆறு மாதம் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கலாம்.

அந்த ஒருவர் நான்தான் என்று அறிவிப்பைப் படித்து முடிப்பதற்குள் முடிவாகிவிட்டது. எனக்குள்.

ஒரு நிபந்தனை இருந்தது. பத்தாம் நாள் மையத்திலிருந்து ஒரு மேடம் வீட்டுக்கு வருவார். வந்திருக்கும் மாணவர் அவர் முன்னால் ஐந்து நிமிடம் தமிழில் பேசவேண்டும். பேச்சு தேறவில்லை என்றால் அன்றைக்கே பெட்டியோடு வேறு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார். பெட்டி போனால் போலந்தும் போனது.

மாணவி வருவதற்கு முந்தின நாள் நான் குடும்பக் கூட்டம் போட்டேன். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்த தங்கை ரேவதி. (கூட்டம் முழுவதும் கன்னடத்தில் நடந்தது. உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.)

"நாளையில இருந்து வூட்டுக்குள்ள யாரும் கன்னடம் பேசக்கூடாது" என்றேன்.

"மாட்டுக்கிட்ட?" என்றார் அப்பா. அவருக்குத் தக்காளித் தோட்டமும் ஒரு பசுவும் உண்டு.

"மாட்டுக்கிட்டயும் தமிழுதான்."

"அதுக்குப் புரியாதேடா. பால் குடுக்கலைன்னா நீ பொறுப்பு."

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் புள்ள எத்தனை மாசம் இருக்கும்?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசம் நான் வாயே தொறக்கலைன்னா போச்சு" என்று அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். ரேவதி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிற்காலத்தில் பெரிய பெரிய ஆபீஸர்கள் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் பாலக்கோடு பஸ் நிலையத்தில் அவள் இறங்கினாள். பெயர் பவுலினா. இருபத்தொரு வயது. முதுகில் அவளைவிட உயரமான ஒரு பை. வீட்டு வாசலில் நின்று கை குவித்து, "வணக்கம். தங்கள் இல்லத்தில் தங்கும் பேறு பெற்றமைக்குப் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்றாள்.

அப்பா என் காதருகே குனிந்தார். "கலெக்டர் ஆபீஸ்ல இருந்தா வந்திருக்குது?"

அம்மா வாயைத் திறக்காமல் சிரித்து, வாயைத் திறக்காமல் தலையாட்டி, வாயைத் திறக்காமல் தண்ணீர் கொடுத்தார். அன்று மாலை பவுலினா என்னிடம் மெல்லிய குரலில், "அண்ணா, அம்மா அவர்களுக்குப் பேச்சு வராதா? நான் வருந்துகிறேன்" என்றாள்.

அம்மாவின் மௌனம் மறுநாள் காலை காப்பி வரைக்கும்தான் நீடித்தது. வாழ்நாள் முழுவதும் யாருக்காவது எதையாவது ஊற்றிக்கொண்டே இருந்தவர், ஊற்றும்போது பேசாமல் இருப்பது எப்படி? டம்ளரை நீட்டியபடி, "இன்னொஞ்சம் ஹாலு ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

பவுலினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மா பேசுகிறார் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கையில் ஏற்கெனவே நோட்டுப் புத்தகம் விரிந்திருந்தது.

"ஹாலு என்றால்?"

"பால்" என்றேன்.

எழுதிக்கொண்டாள். சற்று நேரத்தில் அம்மா முற்றத்தில் ரேவதியைப் பார்த்து "ஹல்லு தேய்ச்சியாடி?" என்றார். எழுதிக்கொண்டாள். தலை வாரிவிட்டு "ஹூவு வெச்சுக்கோ" என்றார். எழுதிக்கொண்டாள். அப்பா தக்காளிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டே போய் "ஹத்து" என்று முடித்தார். எழுதிக்கொண்டாள். அணை உடைந்துவிட்டது. மத்தியானத்துக்குள் அவள் நோட்டில் ஒரு பட்டியல் சேர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் பால், பல், பூ, பத்து, புலி. அந்தப் பக்கம் ஹாலு, ஹல்லு, ஹூவு, ஹத்து, ஹுலி. (புலி எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் புலியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?)

சாப்பாட்டுக்கு முன்னால் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கண்கள் பளபளத்தன.

"அண்ணா, நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். இங்கே சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாக மாறுகிறது. இது இந்த வட்டாரத்தின் வழக்கா?"

அந்த நொடியை நான் நிறையத் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். 'இல்லைம்மா, அது கன்னடம்' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் ஒரு விமானம் நின்றுகொண்டிருந்தது, அதன் ஜன்னல் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஆமாம்மா. எங்க தருமபுரித் தமிழ் அப்படித்தான். ப-வை நாங்க ஹ-ன்னு சொல்லுவோம்."

"எல்லாச் சொற்களிலுமா?"

"எல்லாத்துலயும்" என்றேன். (கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது.)

அவள் அதைச் சிவப்பு மையில் எழுதிக் கட்டம் கட்டினாள்.

பவுலினாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு விதியைக் கற்றுக்கொண்டால் அதை நடுவழியில் விடுகிற பெண் அல்ல அவள். அன்று மத்தியானமே சாப்பிட உட்கார்ந்து, "அம்மா, ஹருப்பு மிக நன்றாக உள்ளது. ஹாகற்காய் ஹொரியலும்" என்றாள். அம்மா என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு கவலை. "அப்போ என்னை எப்படிம்மா கூப்புடுவே? அஹ்ஹான்னா?"

அவள் யோசித்துப் பார்த்து, நோட்டைப் புரட்டி, "இல்லை. நடுவில் இரட்டித்து வந்தால் மாறுவதில்லை" என்றாள்.

"நல்லவேளை, என் பதவி தப்பிச்சுது" என்று அப்பா சோற்றைப் பிசைந்தார்.

நான்காம் நாள் பாப்பாரப்பட்டிச் சந்தையைப் பார்க்க வேண்டும் என்றாள். பஸ் ஏறினோம். அந்தக் கண்டக்டர் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து என்னை அறிந்தவர். நான் வாயைத் திறப்பதற்குள் பவுலினா முந்திக்கொண்டாள்.

"ஐயா, ஹாப்பாரஹட்டிக்கு இரண்டு சீட்டுகள் தாருங்கள்."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "எந்த ஊரும்மா?"

"ஹாப்பாரஹட்டி."

அவர் என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள், உள்ளூர்க்காரர் சொன்னால் புரியும் என்ற நம்பிக்கையோடு. பஸ்ஸே என்னைப் பார்த்தது போலிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"ரெண்டு... ஹாப்பாரஹட்டி."

"டேய் சீனு, உனக்கு என்னடா ஆச்சு? பல்லு கில்லு புடுங்கிட்டாங்களா?"

"ஹல்லு" என்று பவுலினா அவரைப் பணிவாகத் திருத்தினாள்.

பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா இரக்கப்பட்டு, "பாவம், ரெண்டு பேருக்குமே மூச்சு வாங்குது. ஜன்னல் சீட்டைக் குடுங்கப்பா, காத்து வரட்டும்" என்றார். இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் அந்த வழித்தடத்தில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது அன்று ஒரு நாள்தான். நான் ஆசைப்பட்டது வேறு ஜன்னல் ஓரம், அது வேறு விஷயம்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். "எந்த நாடும்மா உனக்கு?"

"ஹோலந்து" என்றாள் பவுலினா.

"அடடா, ஹாலந்தா? டிவியில காட்டுவாங்க. கண்ணுக்கு எட்டின மட்டும் பூவா இருக்கும்."

"ஆம் ஐயா, எங்கள் நாட்டிலும் ஹூக்கள் உண்டு."

அன்று சாயங்காலத்துக்குள் சுற்றுவட்டாரத்தில் எங்கள் வீட்டு விருந்தாளி 'ஹாலந்துப் பொண்ணு' ஆகிவிட்டாள். திரும்பும் வழியில் சந்தைப் பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டோம். கடைக்காரர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் போதும் என்பதற்குச் சொல்லும் சொல்லை அவள் அம்மாவிடம் கற்றிருந்தாள். "சாக்கு, சாக்கு" என்று கையை நீட்டித் தடுத்தாள்.

"பார்சலுக்குச் சாக்கு எல்லாம் இல்லம்மா. கவருதான் இருக்குது" என்றார் அவர். "ஏந்தம்பி, இட்லியைச் சாக்குல கட்டிக்கிட்டா போறாங்க அவங்க நாட்டுல?"

அதற்குப் பிறகு நான் அவளை வெளியே அழைத்துப் போவதைக் குறைத்தேன். வெயில் என்றேன். அவள் நம்பினாள். நான் சொன்ன எல்லாவற்றையும் அவள் நம்பியதுதான் பிரச்சினை. வீட்டுக்குள் அவளோடு பேசும்போதெல்லாம் நானும் ஹகரத்தில் பேச வேண்டியிருந்தது. அது பழகி, ஏழாம் நாள் வேலை விஷயமாக வந்த ஒரு போனில் "சொல்லுங்க சார், ஹேசலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

எட்டாம் நாள் ரேவதி என்னை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"அண்ணா, அந்தப் புள்ள ரெண்டு வருசமா படிச்ச தமிழை எட்டு நாள்ல கெடுத்துட்ட. நாளான்னிக்கு மேடம் வர்றாங்க. போயி உண்மையைச் சொல்லிடு."

"இப்பச் சொன்னா கோவிச்சுக்கிட்டு போயிருவாடி."

"சொல்லலைன்னா கூட்டிக்கிட்டே போயிருவாங்க. அந்தப் புள்ளைக்குப் பேரு கெட்டுப்போயி அங்க அவங்க வாத்தியாரு ஏதாச்சும் கேட்டா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அதுவரை அந்த விமானத்தில் நான் மட்டுமே உட்கார்ந்திருந்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் பவுலினா பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "அண்ணா, குறுக்கிடாதீர்கள்" என்றாள். மனசாட்சிக்கு அது போதுமானதாக இருந்தது. நான் குறுக்கிடவில்லை.

பத்தாம் நாள். மேடம் வந்தார். கண்ணாடி, கஞ்சி போட்ட புடவை, கையில் ஒரு கோப்பு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா கேசரி வைத்தார். பவுலினா அன்றைக்கென்று பாவாடை தாவணி கட்டி, கூடத்தின் நடுவில் நின்றாள். என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். பிறகு தொடங்கினாள்.

"அனைவருக்கும் வணக்கம். என் ஹெயர் ஹவுலினா. நான் ஹோலந்து நாட்டில் ஹிறந்தேன். தற்போது ஹாலக்கோடு அருகில் ஒரு ஹாசமான குடும்பத்தில் வாழ்கிறேன்."

மேடத்தின் கேசரிக் கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஹாலந்தா?" என்று கோப்பைத் திறந்தார். "பேப்பர்ல போலந்துன்னுதானே இருக்குது? ஆளு மாறிப்போச்சா?"

"இல்லை அம்மையே. ஹோலந்துதான்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டு அவள் தொடர்ந்தாள். "இந்த வீட்டில் ஒரு ஹசு உள்ளது. அப்பா தினமும் ஹச்சைத் தக்காளிகளை ஹறிக்காமல் ஹழுத்தவற்றை மட்டும் ஹறிக்கிறார். தங்கை கல்லூரியில் ஹயில்கிறாள். அண்ணன் எனக்கு ஹேருதவி ஹுரிகிறார். அவர் ஒருபோதும் ஹொய் ஹேசுவதில்லை."

ரேவதி தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்பா கூரையைப் பார்த்தார். எங்கள் கூரையில் ஒன்றும் இல்லை.

மேடம் எழுந்துபோய்ப் பவுலினாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "என்னம்மா, மூச்சு வாங்குதா? ஒத்துக்கலையா? யாராச்சும் சுடுதண்ணி கொண்டாங்க."

மேடம் கேட்டதும் அம்மா பதறிவிட்டார். பதற்றத்தில் மனிதருக்கு வருவது தாய்மொழி. "சீனு, ஹோகி பிசி நீரு தகொண்டு பா" என்றார்.

சுடுதண்ணீர் கொண்டுவரச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. மேடத்துக்கு வேறொன்று புரிந்தது. மெல்லத் திரும்பினார்.

"இப்ப நீங்க பேசினது என்ன பாஷைங்க?"

"தமிழுதாங்க" என்றார் அம்மா. பிறகு தன் காதுக்கே அது சரியில்லை என்று பட்டு, "மாதிரிதாங்க" என்றார்.

"கன்னடங்க" என்றார் அப்பா. பத்து நாளாக மாட்டோடு தமிழ் பேசிக் களைத்துப் போயிருந்த மனிதர். "எங்க வூட்ல கன்னடந்தாங்க. பையன் வெளிநாடு போகணும்னு ஆசப்பட்டு ஃபாரத்துல மாத்தி எழுதிட்டான். அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லைங்க."

பவுலினா நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை. நான் அந்தப் பக்கங்கள் புரளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எனக்குப் போலந்து ஞாபகம் வரவில்லை. அவள் அழுதுவிடக் கூடாதே என்பது மட்டும்தான் இருந்தது.

"அண்ணா, இவை எல்லாம் கன்னடமா?"

"எல்லாம் இல்லைம்மா" என்றேன். "ஹாலு கன்னடம். ஹல்லு கன்னடம். ஹருப்பு, ஹாப்பாரஹட்டி, ஹோலந்து எல்லாம்... யாரோட பாஷையும் இல்ல. நான் சொன்னதால வந்தது. என்னை மன்னிச்சுரும்மா."

"பேருந்தில் அனைவரும் ஏன் எனக்கு இடம் கொடுத்தார்கள்?"

"உனக்கு மூச்சுத் திணறல்னு நெனச்சாங்க."

அவள் முகத்தில் ஏதோ ஆரம்பித்தது. அழுகை என்று நினைத்து நான் ஒரு அடி பின்வாங்கினேன். முதலில் தோள் குலுங்கியது, பிறகு தாவணி குலுங்கியது, பிறகு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. தூய தமிழில் சிரிக்க முடியாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மேடம் சிரிக்கவில்லை. கோப்பை மூடினார். "பெட்டியை எடுத்துக்கம்மா. சேலத்துல ஒரு வூடு தயாரா இருக்குது. இவங்க படிவத்துல பொய் சொல்லியிருக்காங்க."

பவுலினா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேரே அம்மாவிடம் போனாள்.

"அம்மா, ஊட்டா பேக்கு" என்றாள்.

சாப்பாடு வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான். அம்மா, மேடம் இருப்பதையும் மறந்து, "பசிக்குதா சாமி, இரு" என்று தட்டை எடுக்க உள்ளே ஓடினார்.

பவுலினா மேடத்தின் பக்கம் திரும்பினாள். "இரண்டு ஆண்டுகள் வகுப்பில் அமர்ந்து தமிழ் பேசினேன். அதற்கு எனக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். நான் ஒன்று சொல்லி, அதைக் கேட்டு ஒருவர் எழுந்து ஓடியது இந்த வீட்டில்தான். நான் இங்கேயே இருக்கிறேன். தவறுகளைத் திருத்திக்கொள்கிறேன்."

மேடம் அவளைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த தட்டுச் சத்தத்தைக் கேட்டார். பிறகு உட்கார்ந்து மிச்சக் கேசரியைச் சாப்பிட்டார். முழுக்கச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினார்.

"இன்னும் பத்து நாள் தர்றேன். கூடத்துல தமிழு, சமையல்கட்டுல என்ன வேணும்னாலும் பேசிக்கங்க. ஆனா பாடம் சொல்லித் தர்றது இந்தப் பொண்ணு" என்று ரேவதியைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். "நீங்க தம்பி, தயவுசெஞ்சு எந்த விதியும் சொல்லித் தராதீங்க."

ரேவதி பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். என்னைவிடப் புத்திசாலி. ஆனால் என்ன இருந்தாலும் என் தங்கை. சீக்கிரம் முடிய வேண்டும் என்று அவளும் ஒரு விதி சொன்னாள்.

"பவுலினா, ஹ-ல ஆரம்பிக்கிறது எதுவும் தமிழ் இல்ல. வாயில ஹ வந்தா ப-ன்னு மாத்திக்க. முடிஞ்சுது."

மறுநாள் காலை பவுலினாவுக்கு ஒரு போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்து, தெளிவாகச் சொன்னாள்.

"பலோ?"

வண்டியில் ஏறும் முன் பெல்மெட் கேட்டாள். சாயங்காலம் போட்டலுக்குப் போகலாமா என்றாள். ஓசூரை ஹோசூர் என்று எழுதியிருந்த ஒரு பலகையைப் பார்த்துவிட்டு, போசூர் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ரேவதி தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. விதி சொல்ல எனக்குத் தடை இருந்தது. (அதைவிட ஆனந்தமான தடை எனக்கு வாழ்க்கையில் விதிக்கப்பட்டதில்லை.)

ஆனால் பால் பாலாகவும் பாப்பாரப்பட்டி பாப்பாரப்பட்டியாகவும் திரும்பி வந்துவிட்டன. இருபதாம் நாள் மேடம் வந்தபோது அவள் போலந்தில் பிறந்து பாலக்கோட்டுக்கு வந்திருந்தாள். தேறினாள். ஆறு மாதமும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கூடத்தில் தமிழும் சமையல்கட்டில் கன்னடமும் பேசினாள். கடைசி மாதங்களில் 'இல்லம்' என்று சொல்வதையே விட்டுவிட்டு 'நம்ம வூடு' என்றாள்.

அவள் ஊருக்குக் கிளம்பும் நாளன்று மையத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வருடம் போலந்து போக எங்கள் வீட்டிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விருந்தாளிக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்று முடித்தவர் என்ற முறையில், ரேவதி.

நான் பெருந்தன்மையோடு கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேறு பெயர் ஏதும் எழுதியிருக்கவில்லை. வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள். வழியனுப்பக் கூடியிருந்த அக்கம்பக்கத்தார் கூட என் நிலையைப் புரிந்துகொண்டு பஜ்ஜியை மெதுவாகக் கடித்தார்கள்.

பவுலினாவுக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்கு முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஆறு மாதத் தமிழையும் திரட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அண்ணா, கவலைப்படாதீங்க. யாரு எங்க போனாலும் சரி. நம்ம வூட்டுக்கு எப்பவும் நீங்கதான் பீரோ."

ஹீரோ என்று சொல்ல வந்திருக்கிறாள். ரேவதியின் விதி அந்த ஒரு சொல்லில் மட்டும் திருத்தப்படாமல் தங்கியிருந்திருக்கிறது.

முதலில் சிரித்தது அம்மா. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் பஜ்ஜியை மெதுவாகக் கடிக்கவில்லை.

அடுத்த வருடம் ரேவதி போலந்து போனாள். பவுலினாவின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே தங்கினாள். பிறகு மேல்படிப்புக்கு ஒரு முறை, பவுலினாவின் கல்யாணத்துக்கு ஒரு முறை. அந்தக் கல்யாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் கூடப் போய் வந்தார்கள். அப்பா அங்கே ஒரு பசுவிடம் கன்னடத்தில் பேசினாராம், அது திரும்பிப் பார்த்ததாம். அந்தச் சமயத்தில் எனக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டியிருந்தது.

எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை வெளிநாடு ஏதாவது போயிருக்கிறாரா என்று கேட்டார்கள். "அவன் எங்க பீரோங்க" என்றார் அம்மா. விஷயம் தெரியாத அவர்கள், கனமான பையன் என்று எடுத்துக்கொண்டு சம்மதித்துவிட்டார்கள். கல்யாணமான இரண்டாம் நாளே என் மனைவிக்கு முழுக்கதையும் தெரிந்துவிட்டது. இப்போது என் ஆறு வயது மகள் பள்ளிக்கூடத்தில் 'அப்பா பெயர்' கேட்டால் ஒரு நிமிடம் யோசித்துத்தான் பதில் சொல்கிறாள்.

போன வாரம் பவுலினா வீடியோவில் கூப்பிட்டாள். மடியில் அவள் குழந்தை. நான் பக்கத்து அறையில் இருந்தேன். "அண்ணா எங்க, அண்ணி?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது.

"பீரோ எங்கம்மா போகும்?" என்றாள் என் மனைவி. "வெச்ச எடத்துலதான் நிக்குது. இரு, ரெண்டு பேரா சேந்து நகர்த்திக்கிட்டு வர்றோம்."